செலோப் பெட்டிக்குள் தைத்து வைத்தது

கோச் பஸ்ஸின் வாசலில் இசைக்குழு ஆசிரியை ஒரு பச்சைப் பையைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் பாஸ்போர்ட்டை அதற்குள் போட வேண்டும். லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்கிற இடத்தில் அன்று விடியவே தூறத் தொடங்கியிருந்தது. என் மகள், பழைய பஸ் டிக்கெட்டை எறிவதுபோலத் தன்னுடையதை உள்ளே போட்டுவிட்டு ஏறிப் போனாள். அவளுக்குப் பின்னால் நான்.

"எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு," என்றார் ஆசிரியை.

இதே வசனத்தைப் பதின்மூன்று வருடங்களுக்கு முதல் பாங்கொக்கில் கேட்டிருக்கிறேன். சொன்னவன் எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன். ஒரு வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு வயது மகளோடு ஒன்பது மாதம் அந்த வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கதவு தட்டினால் பொலிஸ் என்று நினைப்பேன், தட்டாவிட்டால் ஏன் ஒருவரும் வரவில்லை என்று நினைப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

என்னுடையது பெட்டியின் அடியில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்று ஆசிரியையிடம் சொன்னேன். அது என் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பிரித்தானியப் பாஸ்போர்ட் எங்கள் கைக்கு வந்து நாலு மாதம்தான். அதற்கு இதுதான் முதல் பயணம்.

இது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு. மகளின் பள்ளிக்கூட இசைக்குழு ஒல்லாந்து நாட்டில் மூன்று நாள் சுற்றி இரண்டு இடத்தில் வாசிக்கப் போனது. துணைக்குப் பெற்றோர் இரண்டு பேர் வேண்டும் என்று கடிதம் வந்தபோது, நான் அதே பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறவள் என்பதால், பிள்ளைகளோடு வேலை செய்யலாம் என்று பொலிஸ் செக் செய்த கடதாசி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. மகளுக்கு நான் வருவது பிடிக்கவில்லை. "அம்மா, ப்ளீஸ், அங்க வந்து பதறிப் பதகளிக்கக் கூடாது," என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். மற்றப்படி அவள் பேசுவது ஆங்கிலம்தான். அவள் ஆங்கிலத்தில் சொன்னதையும் நான் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

அவள் வாசிப்பது செலோ. வயலினைப் போலவே இருக்கும், ஆனால் ஒரு சின்னப் பிள்ளையின் உயரம். கதிரையில் இருந்து முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். எங்கள் பிளாட்டில் அதற்கு இடமில்லை. ஃபிரீசருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் கதிரையைப் போட்டு ஆறு மாதம் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். இரண்டாவது கச்சேரியில், ஒரு பழைய ஊரின் பெரிய தேவாலயத்தில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட அவள் மட்டும் ஒன்றரை நிமிடம் தனியாக வாசிக்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் அவள் அந்த வருடம் முழுக்கச் சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள் என்று சொன்னால் மிகையில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அந்த இசை விளங்காது. ஆனால் அந்தப் பகுதி சமையலறையில் நான் கரட் வெட்டும்போதும் என் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புறப்படும்போது என் மனிசன் ஒன்றுதான் சொன்னார்: "இஞ்ச பாரும், பாஸ்போட் கவனம். துலைச்சால் எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது." அவர் சும்மா சொன்னார். எனக்குச் சும்மா சொல்லக் கூடாது.

கப்பலால் இறங்கியதும் ஒல்லாந்துக் குடிவரவு அதிகாரி கோச்சுக்குள் ஏறி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு பின் இருக்கையில் ஒரு பிள்ளை வயிறு குமட்டிச் சத்தி எடுத்தது. ஆசிரியை பச்சைப் பையைத் தன் இருக்கையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று என்னிடம் சொல்லிப் பின்னால் ஓடினார். பையின் வாய் திறந்து கிடந்தது. சாரதியோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

களவு எடுக்கிறேன் என்று அப்போது நான் நினைக்கவில்லை. என் பிள்ளையின் பொருளை நான் எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போகும்போது எல்லை வருமுன் உள்ளே போட்டுவிடலாம். முதல் சிலது வேறு பிள்ளைகளுடையது. ஏழாவதோ எட்டாவதோ எடுத்தபோது மகளின் படம் இருந்தது. அதைச் சட்டைக்குள் வைத்தபோதுதான் மிச்சத்தில் கோச் ஏறும்போது அடைத்த மூச்சு வெளியே வந்தது.

அந்த நிம்மதி அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. விடுதிக்குப் போகும் வழியில் சாரதி மைக்கில் சொன்னார்: கைப்பைகள் கவனம், சுற்றுலா ஆட்கள் வரும் இடத்தில் கள்ளர் இருப்பார்கள், சட்டைப் பையில்கூடக் கை விடுவார்கள். வயதான மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். சட்டைக்குள் இருந்த இரண்டு பாஸ்போர்ட்டும் எனக்குச் சூடு பிடித்தமாதிரி ஆகிவிட்டது.

அன்று பின்னேரம் விடுதி மண்டபத்தில் சின்னதாக முதல் கச்சேரி முடிந்து பிள்ளைகள் சாப்பிடப் போனபோது, வாத்தியங்கள் வைத்திருந்த அறைக்குப் போனேன். துணையாக வந்ததில் எனக்குத் தந்த வேலை பிள்ளைகளின் கறுப்புப் பாவாடைகளுக்கு மடிப்புத் தைப்பது. ஊசி, நூல், சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் கையில் இருந்தது. செலோப் பெட்டியின் உள்ளே, வாத்தியத்தின் கழுத்து வந்து படுக்கும் இடத்தில், உள்துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இரண்டு பாஸ்போர்ட்டையும் அதற்குள் தள்ளி, கறுப்பு நூலால் நெருக்கித் தைத்துவிட்டேன். இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் நாங்கள் காணி உறுதிப் பத்திரத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தோம், தாலிக்கொடியைப் பாவாடை விளிம்பில் தைத்தோம். எங்கள் சனத்துக்கு வங்கி லாக்கர் அதுதான். இவ்வளவு பெரிய பெட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டியின் கைபிடியில் வீட்டிலேயே நான் ஒரு சிவப்புச் சேலைக் கரைத் துண்டைக் கட்டியிருந்தேன். ஆறு செலோப் பெட்டிகளும் ஒரேமாதிரிக் கறுப்பு. விமான நிலையத்தில் எங்கள் ஆட்களின் சூட்கேஸ்களைப் பார்த்திருப்பீர்கள், துணித்துண்டு கட்டாத ஒன்று இருக்காது. மகள் அதற்கு வெட்கப்பட்டாள். ஆனால் அடுத்த நாள் காலையில் அவளே வந்து, "அம்மா, அந்தச் சிவப்புத் துணி இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். என் தையல் பையில் நீளமாகக் கிடந்தது. ஏன் என்று கேட்காமல் கொடுத்தேன். என் யோசனை வேறு எங்கோ இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. காலை அந்தப் பழைய ஊருக்குப் போய், வாத்தியங்களைத் தேவாலயத்தின் பக்க அறையில் இறக்கினோம். கச்சேரி ஐந்து மணிக்கு. அதுவரை பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சும்மா இல்லை, கேள்வித்தாள் ஒன்றும் வரைபடம் ஒன்றும் தந்திருந்தார்கள். எந்தக் கதவுக்கு மேல் என்ன சிற்பம், எந்தப் பாலத்துக்கு எத்தனை வளைவு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். நாலு பெண் பிள்ளைகளுக்கு நானும் மற்றத் துணைப் பெற்றோரும் பொறுப்பு. அவர் மலேசியத் தமிழர், படிக்க வந்து லண்டனிலேயே நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். அவருடைய மகள் புல்லாங்குழல். அவருக்கு இடுப்பில் ஒரு பை, கழுத்தில் கமரா, காலில் வெள்ளைச் சப்பாத்து. பயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாதுபோல இருந்தது.

ஊரைச் சுற்றி நட்சத்திர வடிவில் மண்மதில், அதைச் சுற்றி அகழி. முதல் கேள்வியே மதிலுக்கு மேல் ஏறி நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று எண்ணச் சொன்னது. பிள்ளைகள் ஓடினார்கள். எனக்குக் கால் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இதே ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, இதே நட்சத்திரம், இதே அகழி. நான் படித்த காலத்தில் அதற்குள் ஆமி இருந்தது. அங்கிருந்து வந்த ஷெல் ஒன்று எங்கள் பள்ளிக்கூடக் கூரையில் விழுந்த பிறகுதான் அப்பா என்னைப் படிக்க அனுப்பாமல் விட்டார். இங்கே மதிலில் செம்மறி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பீரங்கி வைத்த வாய்க்குள் ஒரு பொடியனும் பெட்டையும் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

"என்னக்கா, ஏறல?" என்றார் மலேசியக்காரர்.

"நீங்கள் போங்கோ. நான் கீழ நிண்டு பாக்கிறன்."

"கீழ நின்னா என்ன தெரியும்? ஆடுதான் தெரியும் லா." சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

பிறகு தெருக்களால் நடந்தோம். செங்கல் வீடுகள், படிப்படியாக ஏறி இறங்கும் முகப்புகள், கதவுகளுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பூச்செடிகள். பெரிய பெரிய ஜன்னல்களுக்குத் திரையே இல்லை. உள்ளே ஒரு மனுஷி பேப்பர் வாசிப்பது, மேசையில் பழம் இருப்பது எல்லாம் தெரிந்தது. மிச்சத்தில் நாங்கள் பகலிலும் திரை இழுத்துவிட்டு இருக்கிற சனம். இவர்களுக்கு மறைக்க ஒன்றுமே இல்லையோ என்று எனக்கு ஒரு பொறாமை வந்தது. பின்னால் சைக்கிள் சத்தமில்லாமல் வரும், நான் துள்ளுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். தேவாலயக் கோபுரத்து மணிகள் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாட்டு அடிக்கும். பழைய அநாதை இல்லத்தின் கதவுக்கு மேல் சிவப்பும் கறுப்பும் உடுத்த இரண்டு கல் பிள்ளைகளை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "நாங்கதான் வெல்லப் போறோம்," என்றாள். அன்று அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ஒன்றே கால் அடித்து முடிய மலேசியக்காரரின் மொபைல் அடித்தது. அவர் "யெஸ், யெஸ்" என்று கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, டீச்சர்தான். விடுதி பாரத்துக்கு நம்பர் எழுத எடுத்தாங்களாம். பிள்ளைங்களோடதுல உங்க மகளோட பாஸ்போர்ட் மட்டும் இல்லையாம்."

அவர் கேட்காமலே மகள் தன் கோட்டுப் பைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினாள். "நான் மிஸ்ஸின் பையில் போட்டேன். அம்மா பார்த்தவா. அம்மா, பார்த்தனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன். "போட்டவள்."

அது உண்மை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அவர் மீதியைச் சொன்னார். நாளைக் காலை கப்பல். பாஸ்போர்ட் இல்லாமல் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். வேறு நகரத்தில் இருக்கும் பிரித்தானியத் தூதரகத்தில் அவசரக் கடிதம் ஒன்று வாங்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சரியாக இரண்டு மணிக்குத் தேவாலய வாசலுக்கு டாக்சி வரும், மகளும் நானும் அதில் போய் ரெயில் பிடிக்க வேண்டும். திரும்பி வர ஏழாகும்.

"அப்ப நான் வாசிக்க ஏலாதா?" என்றாள் மகள். தமிழில் கேட்டாள்.

"பக்கத்து நாற்காலிப் பொண்ணு அந்தப் பார்ட்ட வாசிக்கட்டும்னு சொல்றாங்கம்மா," என்றார் அவர் மெதுவாக. பிறகு என் பக்கம் குனிந்து, "டீச்சருக்கு டிரைவர் மேல கொஞ்சம் சந்தேகம். பை பஸ்ல இருந்தப்ப அவரும் இருந்தாராம்," என்றார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பொலிஸ் செக் கடதாசி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பிள்ளைகளின் பாஸ்போர்ட் பைக்குள் கை வைத்த மனுஷியைப் பள்ளிக்கூடச் சமையலறையில் வைத்திருப்பார்களா? ஒருவருக்கும் தெரியாமல் போய், தையலைப் பிரித்து எடுத்து, கோச்சில் இருக்கைக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரி. இரண்டு மணிக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது.

"நான் ஒருக்கா சேர்ச்சுக்குப் போய்ப் பாத்திட்டு வாறன். நீங்கள் பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றேன்.

"வழி தெரியுமா அக்கா?"

"ஓம், ஓம்."

எனக்கு வழி தெரியாது. வரைபடம் பார்க்கவும் தெரியாது. முதல் மூலையில் திரும்பினேன், பிறகு ஒரு பாலம், பிறகு மதில். திரும்பி வந்தேன், இன்னொரு பாலம், மறுபடியும் மதில். நட்சத்திர ஊரில் எந்தத் தெருவால் போனாலும் மதில்தான் வந்து முட்டுகிறது. மேலே ஆடுகள் என்னைப் பார்த்துக்கொண்டு மென்றன. ஒரு கதவில் பித்தளைத் தகட்டில் எழுத்துக் கூட்டி வாசித்தேன், 'கந்தோர்' என்று வந்தது. ஊரில் அப்பா அரசாங்க அலுவலகத்துக்குப் போவதைக் கந்தோருக்குப் போகிறேன் என்றுதான் சொல்லுவார். கந்தோர் என்றால் ஆள் இருக்கும், வழி கேட்கலாம் என்று மணியை அழுத்தினேன். ஒருவரும் திறக்கவில்லை. ஒன்றரை மணிப் பாட்டு தொடங்கியது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி நின்றேன்.

சைக்கிளில் வந்த ஒரு மனுஷி இறங்கினாள். "சேர்ச்," என்றேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, விரலால் மேலே காட்டினாள். கூரைகளுக்கு மேல் கோபுரம் நின்றது. இவ்வளவு நேரமும் நான் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். அதன் பிறகு கோபுரத்தில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

பக்க அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போய் முதலில் சிவப்புத் துணியைத் தேடினேன்.

ஆறு பெட்டியிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

ஒரே சேலைக் கரை, ஒரே அகலம், அழகான முடிச்சு. காலையில் மகள் துணி கேட்டது அப்போதுதான் விளங்கியது. மற்றப் பிள்ளைகளுக்கு அது வடிவாகத் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் இருந்தால் வெட்கம், எல்லாருக்கும் இருந்தால் வெட்கமில்லை. பெட்டிகளில் பள்ளிக்கூடத்து இலக்கம் ஒட்டியிருந்தது. மகளுடையது எத்தனையாவது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, துணி இருக்கிறதே என்று.

முழங்காலில் இருந்து முதல் பெட்டியைத் திறந்தேன். கழுத்துப் பக்கத்து உள்துணியில் கை வைத்தேன், தையல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொரு கொளுக்கியும் அந்தக் கல் அறையில் துவக்குச் சுடுவதுபோலச் சத்தமிட்டது. மூன்றாவதைத் திறக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர், கையில் கதவுத் திறப்புக் கொத்து. அவருடைய மொழியில் ஏதோ கேட்டார், பிறகு ஆங்கிலத்தில், நீ யார் என்று கேட்டார். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. "மதர்," என்றேன். அவர் வாசலை விட்டு அசையவில்லை.

அவருக்குப் பின்னால் மகள் வந்தாள்.

தன் இசைத்தாளை எடுக்க வந்திருக்கிறாள். எந்த இடத்தில் எந்த விரல், எங்கே மூச்சு என்று ஆறு மாதமாகப் பென்சிலால் குறித்த தாள். அதை அந்த மற்றப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி ஆசிரியை அனுப்பியிருக்கிறார். அவள் என்னைப் பார்த்தாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள், திறந்து கிடந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"பிள்ளை, உன்ர பெட்டி எது?"

அவள் கடைசிக்கு முதல் இருந்த பெட்டியைத் திறந்தாள். செலோவைத் தூக்கிச் சுவரோடு சாத்தினாள். நான் கழுத்துப் பக்கத்தைக் காட்டினேன். என் தையலை அவளுக்குத் தெரியும், அவளுடைய பாவாடைகள் எல்லாம் அந்தத் தையல்தான். விரலால் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. கையை நீட்டினாள்.

"கத்தரிக்கோலைத் தாங்கோ."

அவளே வெட்டினாள். இரண்டு பாஸ்போர்ட்டும் வந்து விழுந்தன. கிழவர் ஒரு அடி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"கப்பலால வந்த பிறகு."

"ஏன்?"

பாங்கொக், ஏஜென்சிக்காரன், ஒன்பது மாதம், எல்லாவற்றையும் சொல்லத்தான் நினைத்தேன். அவளுக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. "பயந்திட்டன்," என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் பயம்தானே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து தன் இசைத்தாளை எடுத்தாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "என் கோட்டின் உள்பையில் இருந்தது, நான் பார்க்கவில்லை என்று மிஸ்ஸிடம் சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்."

சரி என்ற சொல் என் வாய் வரை வந்துவிட்டது. அதை இங்கே எழுதும்போது மறைக்க விருப்பமில்லை. அந்த ஒரு சொல்லில் வேலை, கடதாசி, மானம் எல்லாம் தப்பும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அவள் எல்லார் முன்னாலும் அந்தக் கோட்டுப் பைகளை இழுத்து வெளியே காட்டினவள். மலேசியக்காரரும் மூன்று பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். கள்ளி என்றோ கவனமில்லாதவள் என்றோ பேர் அவளுக்குத்தான் விழும். பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையைத் தனியாக இருத்தி வாசிக்க விடுவார்களா?

ஒன்றே முக்கால் பாட்டு அடிக்கத் தொடங்கியது.

"வேண்டாம். நான் போறன்."

"அம்மாவுக்கு இங்கிலீஷில சொல்ல ஏலாது."

"ஏலும்."

தேவாலயத்து முன்வாசலில் ஆசிரியை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளிச் சாரதி பாலத்துச் சுவரில் தனியாக இருந்தார், தொப்பி மடியில். நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். "மிஸ், ஐ டேக். நொட் ஹெர். நொட் டிரைவர். மீ." இதைவிட நல்லாய்ச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை, ஆனால் விளங்காமல் போக அதில் ஒன்றும் இல்லை. எடுத்த இடத்தையும் தைத்த இடத்தையும் கையால் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. ஏன் என்று கேட்கவில்லை. பச்சைப் பையைத் திறந்து பிடித்தார், மிச்சத்தில் பிடித்ததுபோலவே. மகளுடையதைப் போட்டேன். பை திறந்தபடியே இருந்தது. என்னுடையதையும் போட்டேன். அவர் பையின் ஸிப்பை இழுத்து மூடினார்.

"லண்டனில் பேசுவோம்," என்றார். பிறகு சாரதியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எழும்பிக் கோச்சுக்குப் போனார். டாக்சி வந்தது, ஆளில்லாமல் திரும்பியது.

லண்டனில் அந்தப் பேச்சு வரவேயில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஆசிரியை பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு வந்து நின்றார். நான் போட்ட கடலை அவர் தட்டுக்கு வெளியே சிந்தியது. "தாங்க் யூ," என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாயும் அப்படித்தான். மகள் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு மத்தியானமும் இன்றைக்குப் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். துணைக்கு ஆள் கேட்கும் கடிதம் மட்டும் எங்கள் வீட்டுக்குப் பிறகு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தேவாலயம் நிறைந்தது. ஊர்க்காரர் கோட்டும் தொப்பியுமாக வந்து இருந்தார்கள். மலேசியக்காரர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "கிடைச்சிருச்சாமே, எங்க இருந்துச்சு?" என்றார். "என்னட்டத்தான்," என்றேன். அவர் கமராவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

ஆசிரியைதான் இசைக்குழுவை நடத்துகிறவர். பச்சைப் பையை இப்போது அவர் எங்கும் வைக்கத் தயாராக இல்லை. தான் நிற்கும் பலகையில், கால்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோலைத் தூக்கினார். பைக்கு நேரே பின்னால் என் மகள், செலோவைப் பிடித்தபடி.

எல்லாம் நின்று அமைதி வந்தபோது அவள் தொடங்கவில்லை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆசிரியையின் கை அந்தரத்தில் நின்றது. மூன்று. என்னால்தான், மத்தியானம் அந்தப் பிள்ளையின் கைகளை நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தேன். அப்போது முதல் சுரம் வந்தது. ஃபிரீசருக்குப் பக்கத்தில் வரும் அதே சுரம்தான், ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே அது பெரிதாகி வேறொன்றாகிவிட்டது. அவளுடைய வில்லைப் பார்க்க நினைத்தேன். கண் வழுக்கிப் பைக்குப் போனது. இழுத்து வில்லுக்குக் கொண்டுவந்தேன், மறுபடி போனது. பக்கக் கதவோடு கிழவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவரும் இசையைக் கவனிக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வயலின்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி எழுந்தபோதுதான் அவளுடைய ஒன்றரை நிமிடம் முடிந்துவிட்டது என்று விளங்கியது.

அடுத்த நாள் காலை துறைமுகத்தில் ஆசிரியை பேர் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். என்னுடையதைக் கடைசியில், முகத்தைப் பார்க்காமல் தந்தார். மகள் தன்னுடையதை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். என் கை தானாக நீண்டது. பதின்மூன்று வருடமாக அவளுடைய எல்லாக் கடதாசியும் அந்தக் கைக்குத்தான் வந்திருக்கிறது.

அவள் அதைத் தன் கோட்டின் உள்பையில் வைத்து ஸிப்பை இழுத்தாள்.

"என்னட்ட இருக்கட்டும்," என்றாள்.

கையை மடக்கிக்கொண்டேன். கப்பலில் ஏறி, ஜன்னல் பக்கமாக இருந்து, கரை தெரியாமல் போன பிறகு அவள் கேட்டாள்.

"நடுவில ஒரு இடத்தில பிழை விட்டனான். கேட்டதோ?"

"இல்லை," என்றேன். "எனக்கு ஒரு பிழையும் கேட்கேல்லை."

அது பொய்யில்லை. அவள் கையைக் கோட்டின் மேல், அந்த உள்பை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு, நித்திரையாகிப் போனாள். கப்பல் துறைமுகத்துக்கு வரும்வரை நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.